ஏற்காட்டில் காரை நிறுத்தும் முன்

கிளியூர் அருவிக்கு இறங்கி ஏறுவதற்குள் நேரம் ஓடிவிடும். அதுவரை கார் மேலே ஆளில்லாமல் நிற்கும். பின்சீட்டில் ஒரு பை தெரிந்தாலே போதும், கண்ணாடியை உடைக்க. பையை டிக்கியில் வைப்பதென்றால் சேலம் அடிவாரத்திலேயே வைத்துவிடுங்கள். நிறுத்திய இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்தால், பார்ப்பவனுக்கு நாமே இடம் காட்டியது போலாகும். சார்ஜர் ஒயரைக்கூட வெளியே விடாதீர்கள்.

சரி, இன்சூரன்ஸ்? பலர் ஏமாறுவது இங்கேதான். அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. முழு பாலிசி இருந்தால் உடைந்த கண்ணாடிக்கும், காரே போனால் அதற்கும் கிடைக்கும். உள்ளே இருந்த லேப்டாப்புக்கும் நகைக்கும் கிடைக்காது. உடைமைகளுக்கான கூடுதல் கவர் தனியாக எடுக்க வேண்டும். அதிலும் பணம், நகை பெரும்பாலும் சேராது. புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

உடைத்துவிட்டால் எதையும் தொடாமல் போட்டோ எடுங்கள். அன்றைக்கே போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள். அப்புறம், சின்னக் கண்ணாடி என்றால் கணக்குப் போடுங்கள்: கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் 20 முதல் 50 சதவீதம் வரையான தள்ளுபடி, போய்விடலாம்.