நாக்ஸோஸ் துறைமுக ஊரில் சிக்கனமாகத் தங்குவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

கிரேக்கத் தீவு என்றதும் நிறையப் பேர் சாந்தோரினியைத் தேடுகிறார்கள், அறை விலையைப் பார்க்கிறார்கள், அதோடு ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். சாந்தோரினிக்குப் போகிற பெரிய கப்பல்கள் பலவும் வழியில் பாரோஸ், நாக்ஸோஸ் இரண்டிலும் நின்றுதான் போகின்றன. சிக்லாடிஸ் தீவுகளிலேயே பெரியது நாக்ஸோஸ். சுற்றுலாவை மட்டும் நம்பிப் பிழைக்கிற தீவு இல்லை, உருளைக்கிழங்கும் சீஸும் சொந்தமாக விளைகிற, குளிர்காலத்திலும் ஆட்கள் வாழ்கிற இடம், அதனால் சின்னக் குடும்ப விடுதிகள் இன்னும் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கின்றன. துறைமுக ஊரின் பெயர் ஹோரா. அங்கே ஓர் எளிய விடுதியைப் பிடித்து, போய் இறங்கி, தங்கித் திரும்புவது வரை வரிசையாகச் சொல்கிறேன். விசா விவரத்துக்குள் போகவில்லை, இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே பாதியிலிருந்து ஜூன் வரை, அல்லது செப்டம்பர். இதற்கு வெளியே போனால் ஒரு பக்கம் விலை, இன்னொரு பக்கம் பூட்டிய கதவு. ஆகஸ்டில் கிரேக்கர்களே விடுமுறைக்குத் தீவுகளுக்கு வந்துவிடுவார்கள், அதிலும் ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டிய வாரத்தில் சுமாரான அறைகூட எட்டாத விலைக்குப் போய்விடும். நவம்பரிலிருந்து மார்ச் வரை சின்ன விடுதிகள் பல மூடியே கிடக்கும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தேமி என்ற காற்று வீசும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஒரு மேகம் இருக்காது, ஆனால் கடல் கொந்தளிக்கும். காற்று மிஞ்சினால் துறைமுக அதிகாரிகள் கப்பலையே கட்டிப்போட்டுவிடுவார்கள். அப்போது கப்பல் சீட்டுப் பணம் திரும்பக் கிடைக்கும், இல்லையென்றால் வேறு நாளுக்கு மாற்றித் தருவார்கள். விடுதிப் பணத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அதனால் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள், ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே ஏதென்ஸ் வந்துவிடுகிற மாதிரித் திட்டமிடுங்கள். இந்த ஒரு நாள் வீண்செலவு இல்லை.

படி 2: நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், தெருவைப் பாருங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். துறைமுக ஊரில் மலிவான அறை நன்றாக அமைவதும் சொதப்புவதும் பெரும்பாலும் அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹோராவை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

துறைமுகத்தை ஒட்டிய கடற்கரைச் சாலை. கப்பலில் இறங்கினால் அறை, பால்கனியிலிருந்து படகுகள் தெரியும், படத்தில் அருமையாக இருக்கும். கீழே வரிசையாகக் காபிக் கடைகளும் உணவகங்களும், இரவு வெகுநேரம் வரை பேச்சும் பாட்டும், காலையில் ஸ்கூட்டர் சத்தம். தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்பவர்கள் எடுக்கலாம், இல்லையென்றால் பின்பக்க அறை கேளுங்கள்.

அதற்குப் பின்னால் மேட்டில் ஏறுவது பழைய ஊர். கீழே பூர்கோஸ் சந்துகள், உச்சியில் காஸ்ட்ரோ கோட்டை. 1207 வாக்கில் மார்க்கோ சனுடோ என்ற வெனிஸ்காரர் இந்தத் தீவுகளைப் பிடித்துத் தன் ஆட்சியை இங்கிருந்து தொடங்கினார், அந்தக் காலத்துக் கோட்டை. சந்துக்குள் கார் நுழையாது, சக்கரம் வைத்த பெட்டி உருளாது, படி படி படி. முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பகுதியைச் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதுகுப்பையோடு போகிற இளவட்டங்களுக்கு இதைவிட அழகான இடம் ஊரில் இல்லை.

வடக்கே க்ரோத்தா. அமைதி, போர்ட்டாரா என்ற பழைய கோயில் வாசலைப் பார்த்த ஜன்னல், விலையும் சில நேரம் குறைவு. மெல்தேமி நேராக முகத்தில் அறைவது இங்கேதான், கோடையில் பால்கனியில் துண்டு காயப்போட்டால் கிளிப் போடாமல் விடாதீர்கள்.

தெற்கே செயின்ட் ஜார்ஜ் கடற்கரைப் பக்கம், பலகைகளில் அயியோஸ் யோர்யியோஸ் என்று இருக்கும். துறைமுகத்திலிருந்து பெட்டியோடு நடந்தால் பதினைந்து, இருபது நிமிடம், கிட்டத்தட்ட சமதளம். ஆழம் குறைந்த கடல், பக்கத்திலேயே சூப்பர் மார்க்கெட், சின்னச் சின்ன விடுதிகள் நெருக்கமாக. முதல்முறை போகிறவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, என் ஓட்டு இதற்குத்தான்.

நட்சத்திரம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது லிஃப்ட் இருக்கிறதா, வரவேற்பறை எவ்வளவு பெரியது என்பது போன்ற வசதிகளை வைத்துக் கொடுப்பது. மெத்தை நன்றாக இருக்கிறதா, விடுதிக்காரம்மா சிடுசிடுக்கிறாரா என்பதெல்லாம் அதில் வராது. ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதிகளில் பல ஒரே குடும்பம் நடத்துபவை, அப்பா கணக்கு, அம்மா சமையல், பையன் வேன் ஓட்டுவான். விமர்சனங்களில் சமீபத்து மாதங்களை மட்டும் படியுங்கள், அதிலும் "சத்தம்", "படிக்கட்டு", "ஏசி", "சுடுதண்ணீர்" ஆகியவற்றை மட்டும் தேடினால் போதும்.

படி 3: பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை

ஸ்டூடியோ என்று போட்டிருந்தால் சின்ன அடுப்பு, பாத்திரம், குளிர்சாதனப் பெட்டி இருக்கும் என்று பொருள். கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் எடுத்துவிடுங்கள், ஏன் என்று சாப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன். அடுத்து, துறைமுகத்துக்கு வண்டி அனுப்புவீர்களா என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பல சின்ன விடுதிகள் இலவசமாகவே அனுப்புகின்றன, ஆனால் கப்பலின் பெயரும் வந்து சேரும் நேரமும் முன்னாலேயே தெரிய வேண்டும்.

அப்புறம் வரி. 2024இல் பழைய தங்கும் வரியை எடுத்துவிட்டுக் காலநிலைப் பேரிடர்க் கட்டணம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், 2025இல் அதை உயர்த்தினார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதியில் ஓர் இரவுக்கு 2 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5, நான்கில் 10, ஐந்தில் 15. ஆளுக்கு இல்லை, அறைக்கு. பதிவுத் தளத்தில் காட்டுகிற விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, விடுதியில் நேரில் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று சண்டைக்குப் போகாதீர்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: பிரேயஸிலிருந்து கப்பல்

ஏதென்ஸின் துறைமுகம் பிரேயஸ். 2022 அக்டோபரிலிருந்து விமான நிலையத்திலிருந்தே நேராக மெட்ரோ போகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். நாக்ஸோஸுக்குப் பெரிய கப்பல் காலை ஏழரை வாக்கில் கிளம்பும், அதற்கு முதல் மெட்ரோவை நம்ப முடியாது. இரவு விமானத்தில் வந்து இறங்கினால் விடிய விடிய ஓடும் எக்ஸ்96 பேருந்தைப் பிடியுங்கள், அல்லது முந்தின இரவு பிரேயஸிலேயே படுத்துவிடுங்கள்.

துறைமுகம் பெரியது, வாயில்களுக்கு எண் போட்டிருப்பார்கள், மெட்ரோ நிலையத்துக்கு எதிரே இருப்பது ஆறாம் வாயில். உங்கள் கப்பல் எந்த வாயில் என்பதைச் சீட்டில் பாருங்கள், வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு தேடாதீர்கள். பெரிய கப்பலில் பயணம் ஐந்து முதல் ஐந்தரை மணி நேரம். அதிவேகப் படகு சீக்கிரம் போகும், விலை அதிகம், காற்று நாளில் குலுக்கல் அதைவிட அதிகம். வயிறு பலவீனமானவர்கள் பெரிய கப்பலே எடுங்கள், மலிவான பொதுச் சீட்டு போதும், மேல்தளத்தில் உட்கார்ந்து போகலாம்.

ஏறியதும் கீழ்த்தளத்திலேயே பெட்டி வைக்கிற அடுக்குகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் தீவின் பெயர் எழுதியிருக்கும். நாக்ஸோஸ் என்ற அடுக்கில் வையுங்கள், கடவுச்சீட்டும் பணமும் கையில். பாரோஸ் தாண்டியதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், அறிவிப்பு வந்த உடனே கீழே இறங்கி வண்டித் தளத்தில் நிற்க வேண்டும். கப்பல் துறைமுகத்தில் நிற்பது சில நிமிடம்தான். மேலே காபி மிச்சம் இருக்கிறது என்று உட்கார்ந்தால் சாந்தோரினி பார்த்துவிட்டுத்தான் வருவீர்கள்.

படி 5: இறங்கியதும்

பாலம் இறங்கி நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். பெயர் எழுதிய அட்டையோடு விடுதிக்காரர்கள் நிற்பார்கள், அறை பதிவு செய்யாதவர்களைப் பிடிக்க "ரூம்ஸ்" என்று பலகை பிடித்தவர்களும் இருப்பார்கள். மே, செப்டம்பரில் அவர்களிடம் பேரம் பேசி அறை எடுப்பது நடக்கிற காரியம்தான், ஆனால் இடத்தை வரைபடத்தில் காட்டச் சொல்லாமல் வேனில் ஏறாதீர்கள். விசா விண்ணப்பத்துக்கே தங்குமிடப் பதிவு கேட்பார்கள் என்பதால் நம்மில் பலருக்கு இந்தச் சாகசம் தேவைப்படாது.

கப்பல் பிற்பகல் ஒரு மணி வாக்கில் சேரும், அறை இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்துவிட்டு, பெட்டியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

படி 6: அறைக்குள்

இதை யாரும் விளக்கமாக எழுதுவதில்லை, எனவே நான் எழுதுகிறேன். கழிப்பறைக் காகிதத்தைக் கோப்பைக்குள் போடக் கூடாது. அங்கே கழிவுநீர்க் குழாய்கள் குறுகலானவை, அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் மூடியோடு ஒரு சின்னத் தொட்டி இருக்கும், அதில் போட வேண்டும், தினமும் வந்து எடுத்துவிடுவார்கள். தண்ணீர் பீய்ச்சும் குழாய் இருக்காது. ஒரு சின்ன மக் எடுத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சுடுதண்ணீர் பெரும்பாலும் மாடியில் உள்ள சூரிய வெப்பத் தொட்டியிலிருந்து வரும். வெயில் அடித்த நாளின் மாலையில் கொதிக்கும், மேகமூட்டமான நாளின் மறுகாலையில் பச்சைத்தண்ணீர்தான். அந்த மாதிரி நாளுக்கு மின்சார சுவிட்ச் ஒன்று இருக்கும், அது எங்கே என்று முதல் நாளே கேட்டுவையுங்கள். மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். ஏசிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும், குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆட்கள் பொதுவாகக் கடையில் வாங்கும் பாட்டில் தண்ணீர்தான் குடிக்கிறார்கள்.

கோடையில் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்தரை வரையிலும், இரவு பதினொன்றுக்கு மேலும் அமைதி நேரம், இது அங்கே சட்டம். அந்த நேரத்தில் வீடியோ அழைப்பில் ஊரோடு சத்தமாகப் பேசினால் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார்.

படி 7: சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், கிரேக்கத்தில் பிழைத்துக்கொள்ளலாம். ஃபாவா என்று பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருவார்கள், பெரிய வெள்ளை மொச்சை மாதிரி ஒன்றைத் தக்காளியில் வேகவைத்தால் யிகாந்தெஸ், கத்தரி, சீமைச் சுரைக்காய், உருளை எல்லாம் சேர்த்து அடுப்பில் சுட்டால் பிரியாம். நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு வறுவல் தனிச் சங்கதி, கூடவே இந்தத் தீவின் க்ராவியேரா சீஸ். நிஸ்தீசிமோ என்றால் விரத உணவு, இறைச்சி, பால், முட்டை கிடையாது. ஆனால் கணவாய், ஆக்டோபஸ், இறால் எல்லாம் அந்த விரதத்தில் சேர்த்தி, அதை மட்டும் நம்பி ஆர்டர் செய்யாதீர்கள். கெமிஸ்தா என்ற அடைத்த தக்காளியிலும் சில கடைகளில் கொத்திறைச்சி போடுவார்கள். "ஹோரிஸ் க்ரேயாஸ்", அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேட்டு உறுதி செய்யுங்கள். மீனும் வேண்டாம் என்றால் "ஹோரிஸ் ப்ஸாரி" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காலையில் விடுதி உணவுக்குப் பணம் கட்டாமல் பேக்கரிக்குப் போங்கள், கீரை அடைத்த ஸ்பனகோபிதா ஒன்றும் ஒரு காபியும் போதும். கடலோர மேசைகளைவிட ஒரு சந்து பின்னால் போனால் விலை இறங்கும். கேட்காமல் வரும் ரொட்டிக்கும் பில்லில் பணம் போடுவார்கள், வேண்டாம் என்றால் அப்போதே திருப்பி அனுப்புங்கள்.

ஸ்டூடியோ எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்: சூப்பர் மார்க்கெட்டில் அரிசியும் கெட்டித் தயிரும் கிடைக்கும், ஊறுகாயை மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோங்கள். இரண்டு பேர் ஒரு வேளை உணவகத்துக்குப் போகாமல் மிச்சம் பிடித்தால் அந்தப் பணம் பேருந்துச் செலவுக்கு ஆகும்.

படி 8: காசில்லாமல் சுற்ற

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு திட்டில் போர்ட்டாரா நிற்கிறது, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் கட்ட ஆரம்பித்து முடிக்காமல் விட்ட அப்பல்லோ கோயிலின் பளிங்கு வாசல். நுழைவுச் சீட்டு கிடையாது. பேருந்து நிலையமும் துறைமுகத்திலேயே, அங்கிருந்து அயியா அன்னா, பிளாக்கா கடற்கரைகளுக்கும் ஹால்கி, அபிராந்தோஸ் மலைக்கிராமங்களுக்கும் வண்டி உண்டு. ஏறுவதற்கு முன்பே அலுவலகத்தில் சீட்டு வாங்கிவிடுங்கள். வாடகைக் காரெல்லாம் ஒரு நாளைக்கு மேல் தேவையில்லை.

படி 9: கிளம்புகிற நாள்

அறையைக் காலை பதினொன்று வாக்கில் காலி செய்யச் சொல்வார்கள், கப்பல் மாலையில். பெட்டியை விடுதியில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போகலாம், குளிக்க ஒரு பொதுக் குளியலறை தருவார்களா என்று கேளுங்கள், சின்ன விடுதிகளில் முகம் சுளிக்க மாட்டார்கள். முந்தின இரவே காற்று நிலவரத்தை விடுதிக்காரரிடம் விசாரியுங்கள், கப்பல் கம்பெனியின் குறுஞ்செய்திக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். மாலைக் கப்பல் பிரேயஸ் சேர நள்ளிரவை ஒட்டிவிடும், தாமதமானால் மெட்ரோவும் முடிந்திருக்கும். அந்த இரவுக்குத் துறைமுகத்துக்கு நடக்கிற தூரத்தில் ஓர் அறையையும் இப்போதே சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள், வரவேற்பு மேசை இரவு முழுக்கத் திறந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டு.