யூகான் ஆற்றில் தனியாகக் கயாக்: வைட்ஹார்ஸ் முதல் டாசன் வரை

"உனக்குத் துடுப்புப் போடத் தெரியுமா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். யூகான் ஆற்றில் துடுப்பு இரண்டாவது விஷயம். சும்மா உட்கார்ந்திருந்தாலே ஆறு உங்களை இழுத்துக்கொண்டு போகும். நினைத்த இடத்தில் கரை ஏறத் தெரியுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கும் அது மூன்றாம் நாள்தான் உறைத்தது.

நான் எட்மண்டனில் நர்ஸ். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவள். 2023 ஜூலையில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, கனடாவின் வடமேற்கு மூலையில் வைட்ஹார்சிலிருந்து டாசன் சிட்டி வரை 700 கி.மீ.க்குச் சற்று அதிகமான தூரத்தைத் தனியாகக் கயாக்கில், அதாவது ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகில், கடந்தேன். "ஏட்டி, கூட ஒருத்தரும் இல்லாமலா?" என்று அம்மா போனிலேயே அழுதாள். போக நினைக்கிறவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் தனிப் பயணத்துக்கு இந்த ஆறு ஏன் பரவாயில்லை என்றால், இதில் அணை வைட்ஹார்சுக்கு மேலேதான் இருக்கிறது. கீழே டாசன் வரை படகைத் தூக்கிச் சுமக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. யோசிக்க வைக்கும் பாறை இடுக்கு ஒன்றே ஒன்று. பாதி வழியில் கார்மாக்ஸ் என்ற சிற்றூர். வைட்ஹார்சில் கயாக்கை வாடகைக்கு எடுத்து டாசனில் விட்டுவிடலாம். இவ்வளவும் வசதி. தண்ணீரின் குளிரும், உதவி வந்து சேர ஆகும் நேரமும் இதற்கு மறுபக்கம்.

போவதற்கு முன்

வழியில் வரும் லபார்ஜ் ஏரியில் ஜூன் தொடக்கம் வரை பனிக்கட்டி கிடக்கும். அதனால் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான் காலம். ஜூலையில் இரவு பதினொரு மணிக்கும் புத்தகம் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம். கொசுவும் அவ்வளவு, தலைக்கு வலைத்தொப்பி இல்லாமல் கிளம்பாதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் கொசு குறையும், ஆனால் இரவில் உறைபனி விழும்.

கவிழ்ந்த கயாக்கில் தண்ணீருக்குள்ளிருந்தே திரும்ப ஏறக் கற்றுக்கொள்ளுங்கள். துடுப்பின் ஒரு முனையில் காற்றுப்பையை மாட்டி, அதை ஊன்றுகோல் மாதிரி வைத்து ஏறும் முறை தனியாளுக்குச் சரிவரும். எட்மண்டன் பக்கத்து ஏரியில் மே மாதம் இதைப் பழகினேன். எட்டாவது முறை ஏறி முடித்தபோது ஜாக்கெட் ஜிப்பை விரலால் பிடிக்க முடியவில்லை. குளிர்நீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது, அதன்பின் கைகால் ஒழுங்காக வேலை செய்வது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் என்று இங்கே பாடமாகவே சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குள் படகில் இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் எப்போதும் உடம்பில் இருக்கட்டும், படகின் பின்னால் கட்டிவைக்க அது சாமான் இல்லை. லைட்டர், விசில், சாட்டிலைட் கருவி மூன்றும் ஜாக்கெட் பாக்கெட்டிலேயே இருக்க வேண்டும். படகு கைவிட்டுப் போனால் உங்களிடம் மிச்சம் இருப்பது அந்தப் பாக்கெட் மட்டும்தான்.

செல்போன் சிக்னலை வைட்ஹார்ஸ், கார்மாக்ஸ், டாசன் ஆகிய ஊர்களில் மட்டும் நம்புங்கள். தினமும் இரவு கூடாரம் போட்டதும் "கரை ஏறிவிட்டேன்" என்று முன்பே பதிந்து வைத்த வரி சாட்டிலைட் வழியாக என் கணவருக்குப் போகும். அவர் அதை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார். ஒரு நாள் செய்தி வராவிட்டால் பதற வேண்டாம், 36 மணி நேரம் ஆனால் போலீசைக் கூப்பிடு என்று பேசி வைத்திருந்தோம். இந்த எண்ணிக்கையைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

சாப்பாடும் கரடியும்

1898இல் தங்கம் தேடி இதே ஆற்றில் ஆயிரக்கணக்கான படகுகள் இறங்கின. ஒரு வருடத்துக்கான உணவு கையில் இல்லாதவனைக் கனடா எல்லையிலேயே போலீஸ் திருப்பி அனுப்பியது. நமக்கு இரண்டு வாரத்துக்கு இருந்தால் போதும், காற்றில் மாட்டி நிற்க நேர்ந்தால் என்று கூட மூன்று நாளுக்கு.

புழுங்கலரிசியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அது வேகும் முன் அடுப்பு கேஸ் தீர்ந்துவிடும். நான் எடுத்துப்போனது அவல், தாளித்து வறுத்த ரவை, சேவை, பருப்புப் பொடி, நெய், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், அப்புறம் பொரிவிளங்காய் உருண்டை நாற்பது. உருண்டை கல் மாதிரி இருக்கும், எந்தப் பையில் எப்படி நசுங்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றைக் கடித்து முடிக்கவே அரை மணி நேரம் ஆகும், நல்ல பொழுதுபோக்கு. கருவாட்டை மட்டும் கண்ணீரோடு வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

காரணம் கரடி. கருங்கரடி, கிரிஸ்லி இரண்டுமே இந்தக் கரைகளில் உண்டு. சாப்பாடு, பற்பசை, சோப்பு, முகக்கிரீம் என்று வாசனை உள்ள எதுவும் கரடி திறக்க முடியாத பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் போக வேண்டும். பீப்பாய் ஒரு மூலை, சமையல் ஒரு மூலை, கூடாரம் இன்னொரு மூலை. ஒவ்வொன்றுக்கும் நடுவே நூறு மீட்டராவது நடக்க வேண்டும். சமைத்த சட்டையோடு தூங்கக் கூடாது. புதரைத் தாண்டிப் போகும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். நான் வார்டில் இருக்கும் நோயாளிகளின் மருந்துப் பட்டியலை ஒப்பித்துக்கொண்டு போவேன். கரடி ஸ்ப்ரேயும் (கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரே) அடுப்பு கேஸும் விமானத்தில் ஏறாது, வைட்ஹார்சில் இறங்கித்தான் வாங்க வேண்டும்.

ஏரி

கிளம்பிய முதல் நாளே ஆறு போய் லபார்ஜ் ஏரியில் விழும். 50 கி.மீ. நீளம், நீரோட்டம் கிடையாது. ஆற்றிலேயே பெரிய ஆபத்து இந்த ஏரிதான் என்பது என் கருத்து. கண்ணாடி மாதிரி கிடக்கும் தண்ணீரில் இருபது நிமிடத்தில் அலை எழும்பிவிடும். வலது கரையை ஒட்டியே போங்கள். விரிகுடாவைக் குறுக்கே வெட்டிக் கடந்தால் ஒரு மணி நேரம் மிச்சம் என்று தோன்றும். தோன்றட்டும், கரையோரமே வளைந்து போங்கள்.

நான் ஏரி முகத்துக்கு வந்தபோது மதியம், தெற்கிலிருந்து காற்று. கூழாங்கல் கரையில் படகை இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கினேன். இரவு பதினொன்றுக்குக் காற்று அடங்கியது. பத்து வருட நைட் ஷிஃப்ட் அன்றைக்குத்தான் எனக்கு உபயோகப்பட்டது: பதினொன்று முதல் நாலு வரை துடுப்பு, பகலில் தூக்கம். இரண்டு இரவில் ஏரி முடிந்தது.

கரை ஏறுவது

ஏரி முடியும் இடத்தில் ஆறு திரும்பப் பிறந்த மாதிரி இருக்கும். முப்பது மைல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் அந்தத் துண்டுக்கு. பச்சைக் கண்ணாடித் தண்ணீர், அடியில் ஓடும் கல்லெல்லாம் தெரியும், நல்ல வேகம். அங்கேதான் எனக்குப் பாடம் நடந்தது. வலது கரையில் அழகான ஒரு திட்டு, யாரோ அடுக்கிய அடுப்புக் கல், உட்கார ஒரு மரத்துண்டு. "இங்கே தங்கலாமா?" என்று யோசித்தேன். யோசித்து முடித்தபோது அது என் தோளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி எதிர்த்துத் துடுப்புப் போட்டேன், கரையில் நின்ற ஒரே மரம் ஐந்து நிமிடமாக அதே இடத்தில் நின்றது. விட்டுவிட்டேன். அடுத்த நல்ல இடம் கிடைக்க மேலும் ஒரு மணி நேரம் ஆனது.

முறை இதுதான். ஒதுங்க வேண்டிய இடம் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும்போதே முடிவு செய்துவிட வேண்டும். உடனே அந்தக் கரைப் பக்கம் நகர வேண்டும். இடத்துக்குச் சற்று மேலேயே படகின் மூக்கைத் திருப்பி, வந்த திசையைப் பார்க்க வைக்க வேண்டும். இப்போது மூக்கைக் கரைப் பக்கம் கொஞ்சமாகச் சாய்த்து, மெதுவாக முன்னோக்கித் துடுப்புப் போட்டால், நீர் கீழே தள்ளும், படகு பக்கவாட்டில் நழுவிக் கரைக்குப் போகும். கரையோரம் தண்ணீர் தேங்கி மேல்நோக்கிச் சுழலும் இடம் கிடைத்தால் அதற்குள் மூக்கை நுழைத்துவிடுங்கள், ஆறே பிடித்து நிறுத்திவிடும். நுழையும் நொடியில் உடம்பைத் திருப்பத்தின் உட்பக்கம் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதே இடத்தில் கவிழ்த்தும் விடும். நாலைந்து நாளில் கை தானாகச் செய்யும்.

வளைவின் வெளிப்பக்கக் கரையை ஆறு அரித்துக்கொண்டே இருப்பதால் அங்கே மரங்கள் தண்ணீர் மேல் படுத்துக் கிடக்கும். அதன் கிளைக்குள் போனால் நீர் உள்ளே போகும், நீங்கள் போக மாட்டீர்கள். வளைவில் உட்பக்கமே இருங்கள். தீவுகளின் தலைப்பக்கத்தில் மிதந்து வந்த கட்டைகள் மலை மாதிரி குவிந்திருக்கும், அதற்கும் இதே எச்சரிக்கை. தீவில் தங்குவது நல்லதுதான், காற்று வரும், கொசு குறைவு. ஆனால் வால்பக்கமாக ஏறுங்கள்.

ஏறியதும் முதல் வேலை படகைக் கட்டுவது. ஒன்றுக்குப் போவதுகூட அப்புறம். ஹூட்டலிங்குவாவில், டெஸ்லின் ஆறு வந்து சேரும் இடத்தில், படகைப் பாதி மணலில் இழுத்துவிட்டுப் பழைய மரவீடுகளைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அதன் பின்பாதி மிதந்து ஆடிக்கொண்டிருந்தது. கால் வெலவெலத்துவிட்டது. அன்றிலிருந்து கல் மேல் இருந்தாலும், பத்து அடி உள்ளே இழுத்திருந்தாலும், மரத்தில் கயிறு கட்டாமல் ஒரு அடி நகர்ந்ததில்லை. இரவில் ஆறு ஏறும். தனியாக வந்தவருக்கு வேறு படகு இல்லை.

ஐந்து விரல்

கார்மாக்சில் குளியல், சூடான சாப்பாடு, ஒரு நாள் ஓய்வு. ஊரின் பாலத்துக்குக் கீழே டாசன் வரை இன்னொரு பாலம் கிடையாது. அங்கிருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் ஐந்து விரல் இடுக்கு. நாலு பாறைத் தூண்கள் ஆற்றை ஐந்தாகப் பிளக்கும். போக வேண்டிய வழி வலக்கோடி வாய், அதில் சந்தேகமே வேண்டாம். அதனால் தூண்கள் கண்ணில் படும் முன்பே வலது கரையை ஒட்டிவிடுங்கள். மிதக்கும் கட்டையைப் போல நடுவில் வந்துவிட்டுக் கடைசியில் வலப்பக்கம் ஓடலாம் என்று நினைக்கக் கூடாது. சாமானெல்லாம் கட்டி, உட்காரும் குழிக்குள் தண்ணீர் வராமல் இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை மாட்டி, வாயின் நடுவில் வழுவழுப்பாக முக்கோணமாகத் தெரியும் நீரைக் குறிவைத்து நேராக விட்டேன். முதல் அலை மடிக்கு வந்தது, இரண்டாவது முகத்துக்கு. துடுப்பை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் படகு குறுக்கே திரும்பும். ஒரு நிமிடம்கூட இல்லை, முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் நீராவிக் கப்பல்களை இதே வாய் வழியாகக் கம்பிவடம் போட்டு மேலே இழுத்திருக்கிறார்கள். கொஞ்சம் கீழே ரிங்க் இடுக்கு. அங்கும் வலதோரம், அமைதியாகத் தாண்டிவிடலாம்.

பெல்லி ஆறு சேர்ந்ததும் இடது கரையில் ஃபோர்ட் செல்கர்க். சாலையே இல்லாத பழைய ஊர், செல்கர்க் பழங்குடியினரும் யூகான் அரசும் சேர்ந்து பராமரிக்கிறார்கள். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். போகும் வழியெல்லாம் மண்கரையில் வெள்ளைக் கோடு ஒன்று, சுவரில் சுண்ணாம்புப் பட்டை அடித்த மாதிரி, கூடவே வரும். ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் வெடித்த எரிமலையின் சாம்பல் அது.

சேறு

அப்புறம் வைட் ஆறு இடப்பக்கமிருந்து வந்து கலக்கும், தண்ணீர் பால்விட்ட டீ நிறத்துக்கு மாறும். அன்று துடுப்பை நிறுத்தியபோது படகு முழுக்க ஒரு சத்தம். எங்கோ ஓட்டை விழுந்து காற்று போகிறது என்று உட்பக்கமெல்லாம் தடவிப் பார்த்தேன். வண்டல் துகள்கள் அடிப்பாகத்தில் உரசும் சத்தம் அது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அதே சத்தம், ஆனால் நிற்காமல் இரண்டு நாள்.

இந்தத் தண்ணீரில் வடிகட்டி அரைமணியில் அடைத்துக்கொள்ளும். வைட் கலக்கும் முன்பே இருக்கிற பாட்டிலையெல்லாம் நிரப்புங்கள், அதன் பிறகு தெளிந்த ஓடை கண்ட இடத்திலெல்லாம் பிடித்துக் கொதிக்க வையுங்கள். ஓடை கிடைக்காவிட்டால் பாத்திரத்தில் ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் மொண்டு காய்ச்சுங்கள். ஆறும் இங்கே அகன்று பல கிளையாகப் பிரிகிறது, முழங்கால் ஆழத்து மணல் மேடு கண்ணுக்குத் தெரியாது. நீர் அதிகம் போகும் கிளையிலேயே போங்கள்.

டாசனை நெருங்கும்போது ஊருக்குப் பின்மலையில் பெரிய மண்சரிவு வடு தெரியும். தெரிந்ததும் வலது கரைக்கு வந்துவிடுங்கள். வலப்பக்கம் க்ளோண்டைக் ஆறு தெளிந்த நீரோடு சேர்ந்ததும் ஊர்க்கரை. தவறவிட்டால் கீழே வண்டிகளை ஏற்றி அக்கரைக்குப் போய்வரும் ஃபெர்ரியின் பாதையில் போய் நிற்பீர்கள்.

திரும்ப வைட்ஹார்சுக்குச் சாலையில் 530 கி.மீ. வேனில் இடம் முன்பே பதிவு செய்துவிடுங்கள், ஆனால் திட்டமிட்ட நாளுக்கு இரண்டு நாள் தள்ளி. கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுவர முடியாது என்றேனே, என்னுடையது சீல்கூடப் பிரிக்காமல் இருந்தது. டாசனிலிருந்து அலாஸ்கா பக்கம் படகில் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு தம்பதியிடம் கொடுத்தேன். மிச்சம் இருந்த உருண்டை மூன்றையும் வாங்கிக்கொண்டு, இதை ஊற வைத்துச் சாப்பிட வேண்டுமா என்று அந்த அம்மாள் கேட்டார்.