வீட்டுத் தோட்டத்தைப் பார்வையாளர்களுக்குத் திறக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடித்தோட்டம் நன்றாக வந்துவிட்டால் அடுத்து ஒரு கேள்வி தானாகவே வரும்: "ஒருநாள் வந்து பார்க்கலாமா?" முதலில் அக்கம்பக்கத்தார் வருவார்கள், அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள், அப்புறம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கொஞ்ச நாளில் கட்டணம் வைத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்றாகிவிடும். இது நடக்க வேண்டிய விஷயம்தான். செடி வளர்ப்பைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றால் மனதில் நிற்கும். ஆனால் செடிகளைத் தயார் செய்யும் பலர், ஆட்கள் வந்து நிற்கப்போகும் இடத்தைத் தயார் செய்வதில்லை. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மொட்டைமாடி என்றால் முதலில் பாரத்தைப் பாருங்கள். ஆள் புழங்கும் மாடிக்கு நம் கட்டுமானத் தரவிதியில் உள்ள கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. வெறும் தோட்ட மண்ணை ஒரு அடி உயரத்துக்கு நிரப்பி நனைத்தால், அந்த மண் மட்டுமே சதுர மீட்டருக்கு 450 கிலோவைத் தாண்டும். அதன்மேல் இருபது பேர் ஒரே தக்காளிச் செடியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றால் என்ன ஆகும்? தென்னைநார்க் கழிவு கலந்த லேசான கலவையைப் பயன்படுத்துங்கள். கனமான தொட்டிகளைச் சுவரும் உத்தரமும் தாங்கும் இடங்களில் வையுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் மாடிக்கு ஏற்றாதீர்கள். மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் யாரையும் ஏற்ற வேண்டாம். கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொட்டிகளை அடுக்குவது இன்னொரு ஆபத்து. குழந்தைக்கு அது ஏறிப் பார்க்க வசதியான படிக்கட்டு.

அடுத்து, எந்த மாதத்தில் திறப்பது? பலர் மே மாத விடுமுறையில் வகுப்பு வைக்கிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பதினோரு மணிக்கு மாடியில் யாராலும் நிற்க முடியாது, செடியும் வாடித்தான் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையெல்லாம் பாசி, கால் வழுக்கும். ஆடிப்பட்டத்தில் தொடங்கியவை காய்த்துக்கொண்டிருக்க, மழையும் ஓய்ந்திருக்கும் மார்கழி பாதியிலிருந்து மாசி வரைதான் தோட்டம் காட்ட ஏற்ற காலம். அதிலும் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். கோடையில் வகுப்பு வைத்தே ஆக வேண்டுமென்றால் விதைத் தேர்வு, மண் கலவை என்று நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலைகளை வைத்துக்கொள்ளலாம்.

என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு வேறு. ஆட்கள் வருகிறார்கள் என்றதும் பூச்சி பிடித்த கத்தரியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நர்சரியிலிருந்து பூத்த செடிகளை வாங்கி வந்து அடுக்குகிறார்கள். வருகிறவர் கண்காட்சி பார்க்க வரவில்லை. தன் வீட்டுச் செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வருகிறார். மாவுப்பூச்சி பிடித்த கிளை ஒன்றை அப்படியே விட்டுவையுங்கள். இலையைத் திருப்பிக் காட்டுங்கள். எறும்பு ஏன் அந்தத் தண்டில் ஏறி இறங்குகிறது என்று சொல்லுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கரையக் கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும் என்று அவர் கண்முன்னே செய்யுங்கள். நூறு பூக்களைக் காட்டினாலும் அந்த ஒரு கிளை சொல்லிக்கொடுப்பதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

மாவுப்பூச்சி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்வையாளர்கள் அன்பாகக் கொண்டுவரும் செடியை அன்றே உங்கள் செடிகளோடு சேர்த்து வைத்துவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பப்பாளி மாவுப்பூச்சியை 2008இல் கோவைப் பகுதியில் முதலில் கண்டார்கள். அது பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழகம் முழுக்க நாசம் செய்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளை விட்ட பிறகுதான் அது அடங்கியது. இப்படிப்பட்ட பூச்சிகள் நாற்றோடும் குச்சியோடும்தான் ஊர் விட்டு ஊர் போகின்றன. வந்த செடியை மூன்று வாரமாவது தனியாக ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள்.

இயற்கைத் தோட்டம் என்றாலே எல்லா இலையையும் வாயில் போடலாம் என்ற எண்ணம் வருகிறவர்களுக்கு உண்டு. அதை வளர்ப்பதும் நாம்தான். தவசிக்கீரையைக் கிள்ளி "அப்படியே சாப்பிட்டுப் பாருங்க" என்று கொடுப்போம். அதைப் பார்த்த பிள்ளை அடுத்த செடியிலும் கிள்ளும். அது அரளியாக இருந்தால்? அரளியில் எல்லாப் பாகமும் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு உயிரையே எடுக்கும். காட்டாமணக்கு விதையும் குன்றிமணியும் குழந்தைகள் ஆசையாகப் பொறுக்கும் பொருள்கள். பிள்ளைகள் வரும் தோட்டத்தில் இவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், பெயர்ப் பலகையில் சிவப்பில் எழுதுங்கள். மூலிகைகளைக் காட்டும்போதும் நிதானம் வேண்டும். "சிறியாநங்கை சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையே வேண்டாம்" என்று ஆர்வத்தில் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்காதீர்கள்.

வகுப்பில் பஞ்சகவ்யத்தில் ஆரம்பித்து சொட்டுநீர், காளான் வரை இரண்டு மணி நேரத்தில் சொல்லி முடிக்கப் பார்ப்பார்கள். யாருக்கும் எதுவும் நிற்காது. ஒரு வகுப்புக்கு ஒரு வேலை போதும். செம்மண், மண்புழு உரம், நார்க்கழிவு மூன்றையும் சமமாகக் கொட்டி, ஒவ்வொருவரும் கையால் கலக்கட்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். பிடித்ததும் உதிர்ந்தால் போதவில்லை. உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உடைய வேண்டும். அந்தப் பதம் கைக்குத் தெரிந்துவிட்டால் பாதி வகுப்பு முடிந்த மாதிரி. அந்த மண்ணையே பையில் நிரப்பி, நாற்று நட்டு, வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

இலவசம் என்று அறிவித்தால் வருகிறேன் என்றவர்கள் கடைசி நேரத்தில் நின்றுவிடுவார்கள், சொல்லாதவர்கள் குடும்பத்தோடு வந்து நிற்பார்கள். சிறு தொகையானாலும் முன்பணம் வாங்குவதே இருவருக்கும் மரியாதை. சாப்பாடு, ஊறுகாய் என்று விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கழிவறை, குடிதண்ணீர், கட்டிப்போட்ட நாய், வண்டி நிறுத்த இடம் எல்லாம் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டியவை. எதிர் வீட்டு வாசலில் நான்கு பைக் நின்றால் உங்கள் தோட்டத்தின் பெயர் தெருவில் கெட்டுவிடும். அல்லித் தொட்டியில் கப்பி மீன் விடுங்கள், தட்டுகளில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள். டெங்கு கொசு வளர அதற்கு மேல் அவகாசம் தரக்கூடாது. "ஒரே ஒரு குச்சி" என்று கிளையை ஒடிப்பவர்களைக் கோபித்துப் பயனில்லை. வாசலருகே வெட்டி வைத்த குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருங்கள், கை செடிப் பக்கம் போகாது.

வாரம் தவறாமல் திறக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இங்கிலாந்தில் தனியார் தோட்டங்களை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் மக்களுக்குத் திறந்து, மாவட்டச் செவிலியர்களுக்காக நிதி திரட்டும் திட்டம் 1927இல் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 609 தோட்டங்கள் சேர்ந்தன. இன்றும் அதில் பல தோட்டங்கள் ஆண்டுக்கு ஒரு சில நாள்தான் திறக்கின்றன. மிதிபட்ட மண் இளகவும், பறித்த இடத்தில் துளிர்க்கவும் இடைவெளி வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேண்டும். வீட்டு லொகேஷனைப் பொதுவில் போட்டுவைத்தால் அந்த இடைவெளி கிடைக்காது. பணம் கட்டிப் பதிவு செய்தவருக்கு மட்டும் முந்தின நாள் அனுப்பினால் போதும்.