பேவர் பிளாக் வாசலில் மழைநீர் இறங்க: கல்லுக்கு அடியில் என்ன போட வேண்டும்?

சென்னையில் பேவர் பிளாக் பதித்த வாசல்களிலிருந்தும் மழைநீர் தெருவுக்கே ஓடுகிறது. கல்லுக்கு அடியில் பி.சி.சி. (கம்பியில்லாத சிமென்ட் கான்கிரீட்) போட்டிருப்பார்கள், இல்லையென்றால் கிரஷர் தூளைக் கொட்டி இறுக்கியிருப்பார்கள். பிறகு தண்ணீர் எங்கே இறங்கும்?

முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஓரடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வற்றவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு குறைந்தது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 25 மி.மீ.க்கு மேல் குறைந்தால் நல்லது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் மளமளவென்று இறங்கிவிடும். களிமண்ணில் 10 மி.மீ. இறங்குவதே கடினம். அங்கே கல்லுக்கு அடியில் போடும் ஜல்லிதான் தண்ணீரைப் பிடித்துவைக்கும் தொட்டி.

சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, 38 செ.மீ. ஆழம் தோண்டுங்கள். அடிமண்ணை இடித்து இறுக்க வேண்டாம். 40 எம்.எம். ஜல்லி 20 செ.மீ., அதன்மேல் 20 எம்.எம். ஜல்லி 5 செ.மீ., அதன்மேல் 6 எம்.எம். சிப்ஸ் (பொடி ஜல்லி) 5 செ.மீ., கடைசியாக 80 எம்.எம். கல். சுற்றிலும் ஓரக்கல் கட்டாயம். இல்லாவிட்டால் கார் ஏற ஏற கற்கள் விலகும். ஜல்லி தூசியில்லாமல், ஒரே அளவில் இருந்தால் அதில் ஏறக்குறைய 40 சதவீதம் வெற்றிடம். அதனால் 25 செ.மீ. ஜல்லி, மண் ஒரு சொட்டு குடிக்காவிட்டாலும், தன்மேல் பெய்யும் 100 மி.மீ. மழையைத் தாங்கும். மொட்டைமாடிக் குழாயையும் இதில் விட்டால் கணக்கு கெட்டுவிடும். அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்புங்கள். களிமண் என்றால் ஜல்லியின் மேல்மட்டத்தில் ஒரு வழிந்தோடு குழாயும் வையுங்கள்.

கற்களுக்கு நடுவே 8 மி.மீ. இடைவெளி விட்டு, சிறு சிப்ஸ் மட்டும் நிரப்புங்கள். கொத்தனார் பழக்கத்தில் சிமென்ட் பால் ஊற்றுவார். பக்கத்தில் நின்று தடுக்க வேண்டிய இடம் இதுதான்.

வெயிலில் வாசல் சுடாமல் இருக்க இது மட்டும் போதாது. காய்ந்த கல் சிமென்ட் தரையைப் போலவே சுடும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த வேலையை இலைகள் செய்யும். மேற்குப் பக்கம் ஒரு புங்கன் வைத்து, அடியில் குறைந்தது ஒரு சதுர மீட்டர் மண்ணைத் திறந்தே விடுங்கள்.

ஒவ்வொரு செப்டம்பரிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் இடைவெளியில் வண்டல் அடைத்திருக்கிறது: மேல் 2 செ.மீ. சிப்ஸைக் கிளறி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.