பாட்டில் மூணு, பட்டி பிளேடு ஒண்ணு: தெ ஸ்தால் ஸ்டைல்ல ஒரு ஸ்டில் லைஃப்

நிக்கோலா தெ ஸ்தால் வரைஞ்ச பாட்டில் படத்த கிட்ட போய் பாத்தா பாட்டிலே தெரியாது, செங்கல் அடுக்கின மாதிரி கலர் கட்டி கட்டியா தான் இருக்கும், நாலடி தள்ளி நின்னா தான் அட பாட்டில்னு புரியும். ஆளு 1914ல ரஷ்யாவுல பொறந்து, புரட்சியப்போ குடும்பத்தோட ஊர விட்டு கெளம்பி, பிரஸ்ஸல்ஸ்ல வளந்து, பிரான்ஸ்ல செட்டில் ஆனவர். அப்ஸ்ட்ராக்டா, அதாவது இன்னதுன்னு உருவம் தெரியாம, வரைஞ்சிட்டு இருந்தவர் 1952 வாக்குல பாட்டில், ஆப்பிள், ஃபுட்பால் பிளேயர்னு திரும்பினாரு. நாம எடுத்துக்கப்போறது அந்த வருஷத்து தடி பெயின்ட் ஸ்டைல் தான் (கடைசியில அவரே மெலிசா கரைச்சு பூச ஆரம்பிச்சிட்டாரு, அது வேற கத).

1. மூணு பாட்டில ஜன்னலோரம் வெச்சு கண்ண இடுக்கி பாருங்க. லேபிள், பளபளப்பு எதுவும் வேணாம். ஒரு பாட்டிலுக்கு ரெண்டே கட்டம், உடம்பு ஒண்ணு கழுத்து ஒண்ணு.

2. அடி கலர். நான் மாட்டினது இங்க தான். கருப்பு ஆயில் பெயின்ட் அடிச்சு அது காயறதுக்குள்ள மேல வெள்ளைய இழுத்தேன், பாத்திரம் கழுவின தண்ணி கலர் வந்துச்சு, சுரண்டிட்டு மறுபடி இழுத்தா மறுபடி அதே தண்ணி, ரெண்டு கேன்வாஸ் குப்பைக்கு போச்சு. இப்பல்லாம் அடிய மட்டும் அக்ரிலிக்ல (தண்ணியில கரைக்கிற, சீக்கிரம் காயற பெயின்ட்), கரும் சிவப்பா அடிச்சு ஒரு நைட் காய விட்டுட்டு மேல ஆயில் போடறேன். தலைகீழா பண்ணிடாதீங்க, ஆயில் மேல அக்ரிலிக் நிக்காது, உரிஞ்சிடும்.

3. பிரஷ்ஷ தூக்கி உள்ள வைங்க. செட்டா விக்கிற குட்டி பேலட் நைஃப் (பெயின்ட் கலக்கி பூசற கத்தி) எல்லாம் என்னைக் கேட்டா தண்டம், ஹார்ட்வேர் கடையில சுவத்துக்கு பட்டி பாக்குற 2 இன்ச் பிளேடு வாங்குங்க. ஒரு கட்டத்துக்கு ஒரே இழுப்பு, உடனே பிளேட துணியில தொடைக்கணும். நல்லா இல்லயேன்னு அதே எடத்துல திரும்ப கை வெச்சா முடிஞ்சுது.

4. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல நூல் அளவு இடம் விடுங்க, அடி கலர் அந்த இடுக்குல எட்டிப்பாக்கும். அவரு படத்துல எனக்கு உயிரே அந்த இடுக்கு தான். என் படத்துல நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவுல ஒரு சிவப்பு கோடு இருக்கு, எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க, அத நான் வரையவே இல்ல.

அப்டேட்: ஆயில் வாடை ஆகாது, முழுசா அக்ரிலிக்ல பண்ணலாமான்னு கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. பண்ணலாம், ஆனா காஞ்சதும் அமுங்கி பிளேடு மேடு காணாமப் போயிடும், மாடலிங் பேஸ்ட் (பெயின்ட்ட கெட்டியாக்குற வெள்ளை பசை) கலந்துக்கோங்க, கலர் கொஞ்சம் வெளுக்கும்.

இன்னொரு அப்டேட்: காய எத்தன நாள்னு கேட்டவருக்கு. தடியா போட்ட ஆயில் மேல தோல் கட்டிடும், உள்ள மாசக்கணக்குல ஈரம் இருக்கும். நான் காஞ்சிடுச்சுன்னு நம்பி பேப்பர் சுத்தி பீரோ மேல வெச்சேன், நடு பாட்டில் கழுத்துல இன்னைக்கும் பாதி ராசிபலன் ஒட்டிட்டு இருக்கு.