ஈ.கோலையின் வளர்சிதை வரைபடத்தில் இரண்டு நிலைகளை ஒப்பிடுவது எப்படி?

ஒரு செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளின் தொகுப்பே வளர்சிதை மாற்ற மாதிரி. அதைக் கோப்பாகத் திறந்தால் சமன்பாடுகள்தான் வரிசையாக வரும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் சின்ன மாதிரியிலேயே 95 வினைகள்! அதைப் படமாகக் காட்டும் இலவசக் கருவி எஷர். சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு உருவாக்கியது. ஒவ்வொரு வினையும் எவ்வளவு வேகத்தில் நடக்கும் (இதுதான் பாய்வு) என்று கணக்கும் போட்டுக் காட்டும் அதன் இன்னொரு வடிவம் எஷர்-எஃப்பிஏ. ஆக்சிஜன் உள்ள நிலையையும் இல்லாத நிலையையும் ஒப்பிட, அதிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: எஷர்-எஃப்பிஏ தளத்தை உலாவியில் திறங்கள். எதையும் நிறுவ வேண்டாம். அந்தச் சின்ன மாதிரியின் வரைபடம் வரும். கீழே தெரியும் 0.874 என்பது ஒரு மணி நேரத்துக்கான வளர்ச்சி வீதம்.

படி 2: ஆக்சிஜன் உள்ளே வரும் வினையின் மேல் சுட்டியை வைத்து, அதை நிறுத்தும் 'நாக்அவுட்' பொத்தானை அழுத்துங்கள். வளர்ச்சி 0.21 அளவுக்குச் சரியும். அசிடேட், ஃபார்மேட், எத்தனால் வெளியேறும் அம்புகள் தடிப்பதையும் பாருங்கள். மூச்சு நின்றதும் செல் நொதித்தலுக்கு மாறிவிட்டது.

படி 3: பத்துப் பதினைந்து முக்கிய வினைகளை மட்டும் எடுத்து, விரிதாளில் மூன்று பத்திகளாக எழுதுங்கள்: வினையின் குறியீடு, ஆக்சிஜன் உள்ளபோது பாய்வு, இல்லாதபோது பாய்வு. குறியீட்டில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்த வினை நிறம் மாறாது. சிஎஸ்வி கோப்பாகச் சேமியுங்கள்.

படி 4: இனி வழக்கமான எஷருக்கு வாருங்கள். அதே வரைபடத்தைத் திறந்து, 'டேட்டா' பட்டியலில் வினைத் தரவாக அந்தக் கோப்பை ஏற்றுங்கள். இரண்டு பத்தி எண்களையும் அது தானே ஒப்பிடும்.

எப்படி ஒப்பிடுவது என்பதை அமைப்புகளில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பலரும் மடக்கை விகிதத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். மரபணு வெளிப்பாட்டுத் தரவுக்கு அது சரி, பாய்வுக்குச் சரிப்படாது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உருவாக்கும் ஏடிபி சிந்தேஸ் நொதியையே பாருங்கள்: ஆக்சிஜன் இருந்தால் பாய்வு சுமார் 45.5, இல்லாவிட்டால் சுமார் −5.5. அதாவது, ஏடிபியைச் செய்ய வேண்டிய இயந்திரம் அதைச் செலவழித்துப் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. குறி மாறிய எண்ணுக்கு மடக்கை ஏது? வித்தியாசம் என்பதையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டு வெவ்வேறு மாதிரிகளை ஒப்பிட வேண்டுமா? ஈ.கோலையின் பெரிய மாதிரிகளான 2011-இன் ஐஜேஓ1366, 2017-இன் ஐஎம்எல்1515 இரண்டும் பிக் என்ற மாதிரித் தரவுத்தளத்தில் ஒரே குறியீட்டு முறையில் கிடைக்கின்றன (பெயரிலுள்ள எண் மரபணுக்களின் எண்ணிக்கை). வேறு தளத்து மாதிரி என்றால், முதலில் வெவ்வேறு தளங்களின் குறியீடுகளை இணைக்கும் மெட்டாநெட்எக்ஸ் தளத்தின் வழியாகக் குறியீடுகளைப் பொருத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே வினையை இரண்டாக எண்ணிவிடுவீர்கள்.