ஆர்மேச்சர் தடைக்கு இரண்டு அளவீடு

டிசி ஜெனரேட்டரின் சமானச் சுற்றுக்கு (இயந்திரத்தைக் கணக்கிட வரையும் எளிய மின்சுற்று மாதிரிக்கு) ஆர்மேச்சர் தடை, அதாவது சுழலும் சுருளின் தடை, வேண்டுமா? ஃபீல்டை (காந்தப்புலம் தரும் சுருளை) மின் இணைப்பிலிருந்து கழற்றி, தண்டு சுழலாமல் பிடித்து, வெளியிலிருந்து இரண்டு வெவ்வேறு மின்னோட்டங்களைச் செலுத்தி அளந்து, மின்னழுத்த வித்தியாசத்தை மின்னோட்ட வித்தியாசத்தால் வகுங்கள். 5 ஆம்பியரில் 4.5 வோல்ட், 10 ஆம்பியரில் 7 வோல்ட் என்றால் தடை 0.5 ஓம். முதல் அளவீட்டை மட்டும் நம்பினால் 0.9 ஓம் வரும், அது பெரிய பிழை!

காரணம் கார்பன் பிரஷ்கள், அதாவது சுழலும் ஆர்மேச்சரை உரசி அதற்கு மின்னோட்டத்தைக் கடத்தும் கார்பன் துண்டுகள். மின்னோட்டம் மாறினாலும் ஜோடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் அவற்றில் விழும். கழித்தால் அது நீங்கிவிடும். அந்த 2 வோல்ட்டைச் சமானச் சுற்றில் தனியாகக் காட்டுங்கள்.

மிகச் சிறிய மின்னோட்டத்தில் பிரஷ் இறக்கம் நிலையாக இராது, அங்கே இது உதவாது. அப்புறம், சூடான இயந்திரத்துக்குக் குளிர்ந்த அளவு பொருந்தாது: செம்பின் தடை 50 டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் 20% ஏறும்.